குமிழிக்குள் ஓர் உலைக்களம்

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்குப் புறப்படும் இயந்திரப் படகின் பின்புறத்தில் நின்று நீரை நோக்குவோர், சுழல்விசிறி கடலைக் கடைந்து வெண்ணுரையாக்குவதைக் காண்பர். அந்நுரையின் பெரும்பகுதி மேலேயிருந்து நீரோடு கலந்த காற்றேயாம். ஆயினும், விசிறி மிக்க விசையோடு சுழலுங்கால் அதன் அலகுகளின் முதுகுப்புறத்தே வேறொரு வகைக் குமிழியும் தோன்றுவதுண்டு. அது காற்றுப் புகுந்து உண்டானதன்று. நீர் தானே கிழிந்து உண்டான குமிழி. பிறந்த கணத்திலேயே அது நொறுங்கி மறையும். மறையும்போது வாளா மறைவதில்லை. உளிகொண்டு கொத்தியதுபோல் உலோகத்தைக் கொத்திவிட்டே மறைகின்றது. விசைப்படகுகளின் பழைய விசிறிகளைக் கரையேற்றிப் பார்த்தால், துரு அறியாத வெண்கலத்திலுங்கூட அம்மைத் தழும்பு போன்ற குழிகள் காணப்படுவது இதனாலேயே.

இந்தக் குமிழியையே வேலைக்கு அமர்த்தி, பொன், வெள்ளி, இரும்பு முதலிய உலோகங்களையும் அவற்றின் ஒட்சைட்டுக்களையும் கண்ணுக்குத் தெரியாத நுண்டுகள்களாக ஆக்கும் கலையொன்று வேதியியலில் வளர்ந்துள்ளது. ஒலிவேதியியல் என்பது அதன் பெயர். ஓசைக்கும் வேதியியலுக்கும் என்ன உறவு என்று வினவுவது இயல்பே. அவ்வுறவு கப்பலிலிருந்தே தொடங்குகின்றது.

1893, 1894ஆம் ஆண்டுகளில் பிரித்தானியக் கடற்படையின் ‘டேரிங்’ என்னும் விரைவுக்கப்பல் ஓட்டிப் பார்க்கப்பட்டது. பொறியின் வலுவிற் குறைவில்லை. ஆயினும் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. ஆராய்ந்தபோது, விசிறியின் அலகுகள் மிகுவேகத்தில் நீரைத் தள்ளுவதற்குப் பதிலாக நீரிற் பொள்ளல் செய்துகொண்டிருந்தமை தெரியவந்தது. அலகின் பின்னே அமுக்கம் தாழ்ந்துவிட, நீர் குளிர்ந்த நிலையிலேயே கொதித்து ஆவிக்குமிழிகளாகிவிட்டது. மலையுச்சியிலே குறைந்த வெப்பத்தில் நீர் கொதிப்பதை அறிந்தவர்க்கு இது விளங்கும். அலகுகளை அகலமாக்கியபின் கப்பல் ஓடிற்று. ஆனால் குமிழிகள் உலோகத்தை அரிப்பது ஏன் என்ற வினா எஞ்சி நின்றது. 1917ஆம் ஆண்டிலே ரேலி பிரபு அதற்குக் கணக்கிட்டு விடை கண்டார். வெறுமையான குமிழியை நோக்கி நாற்புறமும் நீர் பாயும்போது, அதன் விசையெல்லாம் ஒரு புள்ளியிற் குவிந்து, அளவிறந்த அமுக்கம் உண்டாகின்றது என்பதே அவ்விடை.

இனி ஒலிக்கு வருவோம். மனிதனின் செவி விநாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையுள்ள ஓசையையே கேட்கும். அதற்கு மேற்பட்டது கழியொலி. தமிழகத்தார் மீயொலி என்பர். வௌவால் அதனாலேயே இருளில் வழியறிகின்றது. 1880ஆம் ஆண்டிலே பிரான்சின் கியூரி உடன்பிறந்தார் இருவரும் படிகம் முதலான சில பளிங்குகளை அழுத்தினால் மின்னுண்டாவதைக் கண்டனர். அதன் மறுதலையாக, அப்பளிங்குகளுக்கு மின்னூட்டினால் அவை நெளியும். மின்னை விரைந்து மாற்றிமாற்றி ஊட்டினால் விரைந்து அதிரும். முதலாம் உலகப் போர்க்காலத்திலே இலான்செவன் என்னும் அறிஞர் இவ்வழியிற் கழியொலியைக் கடலுக்குள் செலுத்தி, நீர்மூழ்கிகளைத் தேட முனைந்தார். 1927இல் அமெரிக்காவிலே, வங்கித்தொழிலிற் பொருளீட்டிய லூமிசு என்பவர் தம் சொந்த ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட்சு என்னும் வேதியியலாரோடு சேர்ந்து, வன்மையான கழியொலி வேதித்தாக்கங்களையும் விரைவுபடுத்துகின்றது என்று வெளியிட்டார். அக்கண்டுபிடிப்பு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. கருவிகள் மலிவான பிறகே அது மீண்டும் தலையெடுத்தது.

இங்கே சிந்தனைக்குரிய புதிர் ஒன்றுண்டு. நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்கின்றது. ஆகவே 20,000 அதிர்வுடைய கழியொலியின் அலைநீளம் ஏழரைச் சதமமீற்றர். ஒரு விரலின் நீளம் என்க. மூலக்கூறோ ஒரு மீற்றரின் நூறுகோடியில் ஒரு பங்கிலும் சிறியது. கடலின் பெரும் ஏற்றவற்று அலை ஒன்று மணற்றுகளொன்றைத் தனியே பிடித்து உடைக்க இயலாதவாறுபோல, இவ்வொலியலையும் மூலக்கூறு ஒன்றை நேரே பற்றி உடைக்க இயலாது. அப்படியாயின் தாக்கத்தைச் செய்வது யார்? குமிழிதான். ஒலி தன் பரந்த ஆற்றலைக் குமிழியிடம் ஒப்படைக்கின்றது. குமிழி அதனை ஊசிமுனையிற் குவித்துக் கொடுக்கின்றது.

ஒலியலை செல்லும் வழியில் நீர் ஒரு கணம் இழுபடும், மறுகணம் நெருக்குண்ணும். இழுபடும்போது, நீரிற் கரைந்துள்ள வளியைக் கருவாகக் கொண்டு குமிழி விரிகின்றது. நெருக்குண்ணும்போது சிறிது சுருங்குகின்றது. விரிவு சற்றுக் கூடுதலாகவும் சுருக்கம் சற்றுக் குறைவாகவும் இருத்தலால், பல சுற்றுக்களில் அது பருக்கின்றது. குறித்த பருமனை எட்டியதும் தாங்காது உள்நோக்கி நொறுங்குகின்றது. அந்நொறுக்கம் வெப்பம் வெளியேற நேரம் தருவதில்லை. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பியின் அடி சுடுவதைச் சிறுவரும் அறிவர். அதனையே பல்லாயிரம் மடங்கு விரைவாகச் செய்ததாகக் கொள்ளலாம். குமிழியினுள்ளே வெப்பநிலை ஏறத்தாழ 5,000 கெல்வினை எட்டும். அமுக்கம் வளிமண்டலத்தினும் ஆயிரம் மடங்கு அளவினதாகும். சூரியனின் மேற்பரப்போடு ஒப்பிடத்தக்க அவ்வெப்பம், விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு கூறு கூட நிலைக்காது. சுற்றியுள்ள நீர் அதனை உடனே விழுங்கிவிடும். ஆகவே, உள்ளே கோடிக்கணக்கான உலைகள் எரிந்தணைந்தும், பாத்திரத்தைத் தொட்டவன் கையில் இளஞ்சூடே தெரியும்.

இது கற்பனையன்று என்பதற்குச் சான்று ஒளி. 1934ஆம் ஆண்டில் கொலோன் நகரத்தார் இருவர், நிழற்படத் தகட்டின் உருத்துலக்கலைக் கழியொலியால் விரைவுபடுத்த முயன்றபோது தகட்டிலே காரணமற்ற புள்ளிகள் தோன்றின. நொறுங்கும் குமிழிகள் மினுக்கிய ஒளியே அது. மனிதன் கருவிகொண்டு செய்த இக்காரியத்தைச் சிறிய இறாலொன்று எவரும் கற்பியாமலே செய்துவருகின்றது. வெப்பவலயத்தின் ஆழமற்ற கடல்களில், பவளப்பாறைகளிடையே வாழும் சொடுக்கிறால், பருத்த தன் ஒற்றைக் கொடுக்கைப் படீரென மூடும். சொடுக்கொலி கொடுக்குகள் ஒன்றோடொன்று மோதுவதால் எழுவதென்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. கொடுக்கு மூடும்போது பீறிடும் நீர்த்தாரையிற் குமிழி பிறந்து நொறுங்குவதே ஓசைக்குக் காரணமென்று 2000ஆம் ஆண்டிலும், அக்குமிழி நொறுங்குகையில் ஒளி தெறிக்கின்றதென்று 2001ஆம் ஆண்டிலும் காட்டப்பட்டன. இரையை மயக்கி வீழ்த்துவதும் அக்குமிழியே.

இத்துணை வெப்பமும் இத்துணை விரைவான குளிர்ச்சியும் நுண்டுகள் செய்ய ஏன் வேண்டும் என்பதை உணர, முதலில் அந்நுண்டுகளின் பெருமையை அறிதல் வேண்டும். நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஒன்று முதல் நூறு நனோமீற்றர் வரையுள்ள துகளை நனோத்துகள் என்பர். முழுத்தேங்காயைப் பிழிந்தாற் பால் வராது, துருவினால் வரும் என்பது அடுக்களையில் யாவரும் அறிந்தது. துருவும்போது பெருகுவது மேற்பரப்பே. ஒரு சதமமீற்றர்ப் பக்கமுள்ள உலோகக் கட்டியொன்றின் மேற்பரப்பு ஆறு சதுரச் சதமமீற்றர். அதனையே பத்து நனோமீற்றர்ப் பக்கமுள்ள சிறு கட்டிகளாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீற்றராகும். யாழ்ப்பாணத்து நிலவளவையிற் கூறினால், விரல்நுனியளவு உலோகம் இரண்டு பரப்புக் காணிக்கு மேல் விரிந்துவிடுகின்றது. வேதித்தாக்கம் மேற்பரப்பிலேயே நிகழ்வதால், அத்துகள் ஊக்கியாகவும் கிருமிகொல்லியாகவும் பன்மடங்கு திறம் பெறுகின்றது. நிறமும் மாறுகின்றது: நனோ அளவிற் பொன் மஞ்சளன்று, செந்நிறம்.

சித்த மருத்துவத்தார் உலோகங்களைப் புடமிட்டுப் பற்பமாக்குவதை நினைவிற்கொண்டு, நம் முன்னோர் இதனை அன்றே அறிந்திருந்தனர் என்று சிலர் முழங்குவதுண்டு. சில பற்பங்களில் நனோ அளவுத் துகள்கள் இருப்பதை நுணுக்குக்காட்டி காட்டியதும் உண்மையே. ஆயினும் துகள் இருந்தது வேறு. அதன் அளவை அறிந்து, வேண்டிய அளவில் ஆக்கியது வேறு. முன்னோரின் கைத்திறத்தைப் போற்றுவதற்கு அவர்கள் அறியாத ஒன்றை அவர்கள்மேல் ஏற்றிக் கூற வேண்டியதில்லை.

வேண்டிய அளவில் ஆக்குவது எங்ஙனம் என்பதற்குப் பொன் நல்ல எடுத்துக்காட்டு. இத்துறையில் உலகறிந்த பெயர்களுள் ஒன்று ஒரு தமிழருடையது. தமிழகத்திற் கல்வி கற்று ஆஸ்திரேலியாவின் மெல்பேண் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கிய முத்துப்பாண்டியன் அசோக்குமார், அங்கே பிரான்சு கிறீசர் என்பாரோடு இணைந்து இவ்வாராய்ச்சியை வளர்த்தார். பொன் குளோரைட்டுச் சேர்வையை நீரிற் கரைத்தால் இளமஞ்சட் கரைசல் கிடைக்கும். அதனோடு சிறிதளவு அற்ககோலைச் சேர்த்து, கரைந்த ஒட்சிசனை ஆகன் வாயுவால் வெளியேற்றி, கழியொலியைச் செலுத்துவர். குமிழி நொறுங்குந்தோறும் உள்ளிருக்கும் நீராவி ஐதரசனாகவும் ஐதரொட்சில் என்னும் கூறாகவும் பிளவுண்ணும். தனித்திருக்கப் பொறாத இக்கூறுகளை மூலிகங்கள் என்பர். அவை குமிழியின் ஓரத்தில் மொய்த்திருக்கும் அற்ககோல் மூலக்கூறுகளைத் தாக்கி வேறு மூலிகங்களைப் பிறப்பிக்க, அவை நீரினுட் பரவிப் பொன்னயனுக்கு இலத்திரனை வழங்குகின்றன. அயன் உலோகப் பொன்னாகின்றது. பொன்னணுக்கள் கூடித் துகளாகின்றன. மஞ்சள் மங்கி, கரைசல் சிவந்து வருகின்றது. துகள்கள் ஒன்றையொன்று பற்றிக் கட்டியாகாதிருக்க, அவற்றைச் சூழ்ந்து காக்கும் பொருளொன்றையும் முன்னரே சேர்த்திருப்பர்.

2005ஆம் ஆண்டில் ஒகிற்சு என்னும் யப்பானிய அறிஞரும் மேற்கூறிய இருவரும், ஒலியின் அதிர்வெண்ணை மாற்றிமாற்றி இப்பரிசோதனையைச் செய்தனர். விநாடிக்கு 20 ஆயிரம் அதிர்வு முதல் பத்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட அதிர்வு வரை ஐந்து நிலைகளைச் சோதித்தபோது, 2 இலட்சத்து 13 ஆயிரத்திலேயே பொன் மிக விரைவாக வெளிப்பட்டது. துகளும் மிகச் சிறியதாக அமைந்தது. அதிர்வெண் கூடக்கூட வேலை கூடும் என்று எண்ணியவர்க்கு இது வியப்பாகலாம். காரணத்தை உரலடியிற் காணலாம். ஒடியலை இடிப்பவள் உலக்கையை மிக ஓங்கி ஆறுதலாகப் போட்டால், ஒவ்வோர் இடியும் வலியது, ஆனால் இடிகள் சில. உலக்கையை ஓங்காமலே விரைந்து குத்தினால், இடிகள் பல, ஆனால் மா இடிபடாது. தாழ்ந்த அதிர்வெண்ணிற் குமிழி பெரிது, தொகை குறைவு. மிக உயர்ந்த அதிர்வெண்ணிலோ குமிழி விரிவதற்கும், நீராவி உட்புகுவதற்கும் அவகாசமில்லை. இரண்டிற்கும் இடைப்பட்ட நிலையிலேயே மூலிகங்கள் மிகுதியாகப் பிறக்கின்றன. மூலிகங்கள் மிகுந்தால் ஒரே வேளையிற் பல துகட்கருக்கள் தோன்றும். இருக்கும் பொன் பலவற்றிற்குப் பங்கிடப்படுதலின் ஒவ்வொன்றும் சிறிதாகும். ஆக, ஒலியின் சுருதியை மாற்றித் துகளின் பருமனை மாற்றலாம் என்றாயிற்று.

தமிழகத்தில் திருச்சிராப்பள்ளி தேசியத் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆனந்தன் என்பாரும் மெல்பேண் குழுவினரும் 2008ஆம் ஆண்டில் இதனை ஒருபடி மேற்கொண்டு சென்று, பொன்னை உள்ளீடாகவும் வெள்ளியை மேலுறையாகவும் கொண்ட துகள்களைக் கழியொலியால் ஆக்கிக் காட்டினர். தட்டான் நகைக்கு முலாம் பூசுவதை அணுக்களின் அளவிற் செய்தது போன்றது அது.

இரும்பின் கதை வேறு. 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்துச் சசிலிக்கு என்பாரின் குழு, இரும்பும் காபனோரொட்சைட்டும் சேர்ந்த எளிதில் ஆவியாகும் திரவமொன்றை எண்ணெய் போன்ற கரைப்பானிற் கரைத்துக் கழியொலிக்கு உட்படுத்திற்று. இங்கே தாக்கம் குமிழியின் உள்ளேயே நிகழ்கின்றது. ஆவி குமிழிக்குட் புகுந்து, வெந்து சிதைந்து, இரும்பணுக்களை விடுவிக்கின்றது. அவை ஒன்றுகூடி ஒழுங்கான பளிங்காக அடுக்கப்படுமுன் குளிர்ந்து உறைந்துவிடுகின்றன. உருகிய உலோகத்தைப் பளிங்காகாமற் கண்ணாடிபோல் உறையச்செய்ய விநாடிக்குப் பத்து இலட்சம் பாகை என்ற அளவிற் குளிர்விக்க வேண்டும். தூய உலோகத்துக்கு அதுவும் போதாது. குமிழியோ அதனினும் ஆயிரம் மடங்குக்கு மேல் விரைவாகக் குளிர்விக்கின்றது. உலைக்களத்துக் கொல்லன் செம்மையாகக் காய்ச்சிய இரும்பை நீரில் தோய்ப்பதன் எல்லை இதுவெனலாம்.

ஒட்சைட்டுக்களை ஆக்குதல் ஒப்பளவில் எளிது. கருவியும் செலவும் குறைவு. நாகவொட்சைட்டை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தார் துத்தநாகம் என்னும் உலோகத்தின் ஒட்சைட்டு அது. புண்ணுக்குத் தடவும் வெண்களிம்புகளில் நெடுங்காலமாக உள்ளது. நாக அசற்றேற்றுக் கரைசலிற் பஞ்சுத்துணியை அமிழ்த்தி, அமோனியாச் சேர்த்துக் கழியொலியைச் செலுத்தினால், நனோத்துகள் கரைசலிற் பிறக்கின்றது. பிறந்த துகளைத் துணியிற் பதிப்பதும் அதே குமிழிதான். திண்மப் பரப்பின் அருகே நொறுங்கும் குமிழி உருண்டையாக நொறுங்காது. ஒருபுறம் குழிந்து, பரப்பை நோக்கி விநாடிக்கு நூறு மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் நுண்ணிய நீர்த்தாரையை எய்யும். படகின் விசிறியைக் குழிபடுத்திய அம்பு இதுவே. இங்கே அது துகளை நூலிழையில் அறைந்து பதிக்கின்றது. பசை வேண்டுவதில்லை. இசுரேலின் பார் இலான் பல்கலைக்கழகத்துக் கெடாங்கென் என்பாரின் குழு இம்முறையை வளர்த்தது. 2009 முதல் ஐரோப்பிய நாடுகளின் கூட்டுத் திட்டமொன்றில் ஆலையளவு இயந்திரங்கள் அமைக்கப்பட்டு, பல்கேரியாவின் சோபியா நகர மருத்துவமனையொன்றில் அத்துணிகள் படுக்கை விரிப்பாகவும் நோயாளர் உடையாகவும் பயன்படுத்திப் பார்க்கப்பட்டன. மருத்துவமனைச் சலவை முறையில் 65 முறை வெளுத்த பின்னும் துணி கிருமிகளை எதிர்த்தது என்று அறிவித்துள்ளனர்.

நெடுந்தீவு போன்ற ஊருக்கு இச்செய்தி வெறும் புதுமையன்று. அங்கே கடுமையாக நோயுற்றவரைக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவர ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடல்வழி உண்டு. கடல் கொந்தளித்தால் அதுவும் தடைப்படும். சீழ்ப்பிடித்த புண் பட்டினத்து மருத்துவமனையிற் சிறு தொல்லை. தீவிலே அது பெருந்தொல்லை. புண்ணைத் தூய்மையாக வைத்திருக்கும் கட்டுத்துணிக்கு அங்கே உள்ள மதிப்பைக் கரையிலுள்ளோர் எளிதில் உணரார்.

நீரைப்பற்றிய பேச்சிற் கூடுதல் நிதானம் வேண்டும். தீவகத்தின் தீராக் குறை குடிநீர். சுண்ணக்கல்லின் மேல் மழைநீர் மெல்லிய படையாக மிதக்க, அதன் கீழே உவர்நீர் நிற்கின்றது. சிறிது கூடுதலாக இறைத்தாற் கிணறு உவர்த்துவிடும். நனோத்துகளைப் போட்டால் உவர் போய்விடும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டா. ஊக்கித்துகள்கள் சேதனப் பொருள்களைச் சிதைக்க வல்லவை. சாயம், பூச்சிகொல்லி போன்றவற்றைத் தைத்தேனிய ஒட்சைட்டுத் துகளும் ஒளியும் கழியொலியும் கூடிச் சிதைப்பதை மேற்கூறிய திருச்சி, மெல்பேண் ஆய்வாளரே ஆராய்ந்துள்ளனர். உப்போ சிதைந்து ஒழியும் பொருளன்று. அதனை நீரிலிருந்து பிரித்தேயாக வேண்டும். குடாநாட்டின் வலிகாமப் பகுதிக் கிணறுகளில் உள்ள நைத்திரேற்றின் நிலை சற்று வேறு. உரமும் மலக்குழியும் மிகுந்தமையால் அங்கே பல கிணறுகளில் அது, உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய இலீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியுள்ளது; கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது கெடுக்கும். நனோ இரும்புத்துகள் நைத்திரேற்றைத் தாக்கி அழிக்க வல்லதே. ஆனால் அழிந்த நைத்திரேற்றின் பெரும்பகுதி அமோனியமாக நீரிலேயே எஞ்சுகின்றது. ஒரு குற்றத்தை மறு குற்றமாக மாற்றுவதைத் தூய்மையாக்கல் என்று கூறலாகாது. இதற்கு நல்ல முடிவு காண்பது ஆய்வாளரின் கடமையாக இன்னும் நிற்கின்றது.

மூலப்பொருளுக்கு இலங்கையிற் பஞ்சமில்லை. திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரையின் கருமணல் தைத்தேனியத் தாது நிறைந்தது. பெரும்பாலும் மணலாகவே கப்பலேறி வந்துள்ளது. தைத்தேனிய ஒட்சைட்டு நனோத்துகளாற் சூரியக் கலம் செய்யும் ஆராய்ச்சி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகத்துறையில் நடைபெற்றுவருகின்றது. நாட்டிற்கென நனோ தொழினுட்ப நிறுவனமொன்று 2008ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டு, ஓமாகமையில் இயங்குகின்றது. மணல் போகும் கப்பலிலே துகள் போகுமாயின் விலை எத்தனை மடங்காகும் என்பதை வணிகர் கணக்கிடட்டும்.

குறைகளையும் மறைத்தலாகாது. மின்னாகச் செலுத்தும் ஆற்றலிற் சிறுபகுதியே குமிழிகளின் நொறுக்கமாகப் பயன்படுகின்றது. எஞ்சியது நீரைச் சூடாக்கி வீணாகின்றது. ஆகவே ஆய்வுகூடத்தில் அழகாக விளைந்தது ஆலையிற் கட்டுப்படியாகாமற் போவதுண்டு. கழியொலியை நீருக்குட் கடத்தும் தைத்தேனியக் கோலின் நுனியையும் குமிழிகள் அரித்துவிடும். அரிக்கப்பட்ட உலோகம் செய்த பொருளிற் கலந்து அதன் தூய்மையைக் கெடுக்கும். கோலின் நுனியைக் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். நனோத்துகளை உலர்ந்த பொடியாகக் கையாள்வோர் அதனைச் சுவாசித்தால் நுரையீரலுக்குத் தீங்கு நேரக்கூடும். கடலிற் கலந்தாலும் கேடே: கிருமியைக் கொல்லும் வெள்ளித்துகள் மீனுக்கு உணவாகும் நுண்ணுயிரையும் கொல்லும். மீனை நம்பி வாழும் தீவுகளில் இதனை இருமடங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயினும் ஏனைய நனோ ஆக்கமுறைகள் பலவற்றுக்கு வெற்றிட அறையும் உயர்வெப்ப உலையும் பெருந்தொகைப் பணமும் வேண்டும். கழியொலி முறையைத் தொடங்குவதற்கு ஒரு தொட்டி போதும். நகைக்கடையிற் சங்கிலியின் அழுக்கை நீக்குவதற்கும், பல்வைத்தியரிடம் கருவிகளைக் கழுவுவதற்கும் வைத்திருக்கும் சிறு தொட்டி கழியொலித் தொட்டியே; பெரும்பாலும் விநாடிக்கு 40,000 அதிர்வுடையது. கணக்கான அளவில் துகள் செய்ய அது போதாதெனினும், குமிழியின் வலிமையை மாணவர் கண்ணாற் காண அது போதும். தொட்டியில் நீரை நிரப்பி, உணவு சுற்றும் மெல்லிய அலுமினியத் தாளில் ஒரு துண்டை நீருக்குள் செங்குத்தாகப் பிடித்து, தொட்டியை இயக்க வேண்டும். கை நீரிற் படலாகாது. ஒரு நிமிட நேரத்தில் தாளை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், எங்கெங்கே குமிழிகள் வன்மையாக நொறுங்கினவோ அங்கங்கே ஊசியாற் குத்தியதுபோன்ற துளைகள் தெரியும். சில இடங்களில் தாள் கிழிந்தே போயிருக்கும்.